புலவர் முதுகில் விகடகவி

"இன்னும் கொஞ்சம் குனியுங்கள் புலவரே, வேப்பங்கிளை தலையில் இடிக்கிறது."

முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில், உச்சி வெயிலில், விகடகவி சடையாண்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு ராஜவீதியில் ஓடிக்கொண்டிருந்தார் விடங்கப் புலவர். பின்னால் பல்லக்கில் அரசர். எல்லைக்கல்லுக்கு அப்பால் இறக்கிவிட்டால் சடையாண்டி இந்த மண்ணை மறுபடி மிதிக்க முடியாது. புலவருக்கு அந்த நினைப்பே தெம்பு.

எல்லாம் அரசரின் பழஞ்சொல் பைத்தியத்தால் வந்த வினை. செத்துப்போன சொல்லைத் தோண்டி எடுத்து வருபவருக்குப் பட்டுச் சால்வை. அன்று காலை புலவர் ஒரு பழைய விதியைப் பாடினார்: 'அவையில் அழிம்பு செய்தானை எல்லைவரை காவுக.' அழிம்பு என்றால் ஒழுங்கீனம். காவுதல் என்றால் சுமத்தல். பாடி முடித்த நிசப்தத்தில், சிம்மாசனத்துப் பக்கமிருந்து நீளமாக ஒரு சத்தம். வாயிலிருந்து வந்த சத்தம் அல்ல. சிம்மாசனத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தவன் சடையாண்டி.

"இவன்தான்" என்றார் புலவர், ரொம்ப நாள் பொறாமையோடு.

சடையாண்டி மறுக்கவில்லை. "காவ வேண்டியது யார்?" என்று மட்டும் கேட்டான். விதியின் மிச்சத்தையும் புலவரே ஒப்பிக்க வேண்டியதாயிற்று. குற்றம் சொன்னவனே காவ வேண்டும். வழியில் இறக்கினால் குற்றம் அவன் தலையில். குற்றவாளி தன் கையில் பிடித்ததைக் கொண்டுபோகலாம்.

இதோ, சடையாண்டியின் வீடு. வாசலில் அவன் மனைவி பேச்சி.

"பேச்சி, போகிற ஊரில் துவையலுக்கு என்ன செய்வேன்? அம்மியை எடு."

"குழவி வேண்டாமா?"

"அது இல்லாமலா?"

இரண்டும் சடையாண்டியின் கைக்கு வந்ததும் புலவர் அலறினார். "அடே பாவி, இதையுமா நான் சுமப்பது?"

"சேச்சே. அம்மியைச் சுமப்பவன் நான். நீங்கள் என்னை மட்டும் சுமந்தால் போதும்."

எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தோடு சரி. புலவர் பொத்தென்று உட்கார்ந்தார். சடையாண்டியின் கால் மண்ணில் பட்டது, கல்லுக்கு இந்தப் பக்கத்து மண்ணில்.

பல்லக்கு நின்றது. "விதிப்படி குற்றம் இனிப் புலவருடையது. சடையாண்டி, நீ குற்றம் சொல். அவரைக் காவு" என்றார் அரசர்.

"வேண்டாம் அரசே. வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்புறம் நான் காவ வேண்டியவர் புலவரைவிடக் கனம்."

அரசர் சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் தள்ளாடினார்கள். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டவர், அவன் காதருகே குனிந்தார்.

"நேற்று இரவு மொச்சைக் குழம்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது."