உள்ளே போன ஓடு

அந்தக் காலத்தில், அதாவது நண்டுக்குப் பேச்சும் மனுஷனுக்கு ஓடும் இருந்த காலத்தில், ஆறு கடலில் போய் விழும் ஒரு சேற்றுக் கரையில் பூவாயி என்று ஒருத்தி இருந்தாள். மனுஷனுக்கு ஓடா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். இருந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும், நண்டுக்கு இருக்கிற மாதிரியே. உள்ளே எலும்பு என்று ஒரு சாமானே கிடையாது. தாய் பிள்ளையைத் தூக்கி அணைத்தால் டக் டக்கென்று சத்தம் வரும். இரண்டு பேர் கட்டிப் புரண்டால் சட்டிபானை உருளுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒருத்தருக்கும் காயம் படாது.

சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஓடு உரியும். வளர்ந்தவர்களுக்கு இருபது வருஷத்துக்கு ஒரு தடவை. நேரம் நெருங்கினால் உடம்பே சொல்லிவிடும். மூட்டு பிடிக்கும், பார்வை மங்கும், தின்றது செரிக்காமல் நெஞ்சிலேயே நிற்கும். உடனே கரையில் ஒரு வளை தோண்டி உள்ளே போய்ப் படுத்துவிட வேண்டும். முதல் நாள் ஓடு சடக்கென்று வெடித்துக் கழன்று விழும். அப்புறம் ஏழாம் நாள் வரைக்கும் வேறு எதையும் தொடாமல் அந்தப் பழைய ஓட்டையே உடைத்து உடைத்துத் தின்ன வேண்டும், ஒரு சில்லு மிச்சம் வைக்காமல். பழையதைத் தின்றால்தான் புதியது முளைக்கும். எட்டாம் நாள் வெளியே வந்தால் ஆள் மறுபடியும் குமரன், குமரி. புயலில் போனான், முதலை இழுத்தது என்று சாவு வருமே தவிர, வயசாகிச் செத்தான் என்ற பேச்சே அந்தக் கரையில் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்!

உரிந்து கிடக்கும் ஏழு நாளும் உடம்பு வெறும் சதைதானே? நாரை வந்து கொத்தினால் போச்சு. அதனால் நண்டும் மனுஷனும் ஒருத்தருக்கு ஒருத்தர் காவல் இருந்தார்கள். நண்டு உரியும்போது மனுஷன் வளை வாசலில் உட்காருவான். மனுஷன் உரியும்போது நண்டு உட்காரும். பூவாயிக்குக் காவல் இருந்தது ஒரு பெரிய சேற்று நண்டு. அவள் அதை அண்ணே என்பாள், அது அவளைத் தங்கச்சி என்னும். அப்போதெல்லாம் நண்டு நம்மை மாதிரி நேராகத்தான் நடந்தது, நிமிர்ந்துதான் பார்த்தது.

பூவாயியின் புருஷன் ஒரு புயலில் போனவன், திரும்பவில்லை. இருந்தது ஒரே மகன், சடையன். நாலு வயசு.

அந்த நாலு வருஷமும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. கழிமுகம் முழுக்க உப்பேறி மீனெல்லாம் வேறு பக்கம் போய்விட்டது. வயிறு நிறைந்தால்தானே ஓடு தடிக்கும்? அந்தப் பஞ்சத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஓடு வெங்காயத் தோல் கனத்துக்குத்தான் இருந்தது. காலை ஊன்றினால் நனைந்த கயிறு மாதிரி மடங்கிக்கொண்டது. அப்படிப் பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டும் தவழ்ந்தன. ஒரு நாள் கடல் பொங்கி ஓதம் சட்டென்று ஏறியது. பெரியவர்கள் ஆளுக்கு ஒன்றாக வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஒரு பிள்ளை மட்டும் தவழ்ந்து தவழ்ந்து வந்தது. தண்ணீர் அதைவிட வேகமாக வந்தது. பன்னிரண்டு பதினொன்றாயிற்று.

அன்றிலிருந்து பூவாயிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஓதம் வரும்போது தன் கைக்கு எட்டுகிற இடத்தில் சடையன் இருக்க வேண்டுமே என்பதுதான் அவளுக்கு எந்நேரமும் நினைப்பு.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு நாற்பது வந்தது. மூட்டு பிடித்தது, கண் மங்கியது. பக்கத்துக் குடிசை மூக்காயியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வளைக்குள் போனாள். முதல் நாள் ஓடு விட்டது. இரண்டாம் நாள் தலையோட்டையும் மார்போட்டையும் தின்று முடித்தாள். மூன்றாம் நாள் காலையில் வாசலில் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் சடையன். மூக்காயி கண்ணுக்குத் தப்பிச் சேற்றிலேயே தவழ்ந்து வந்திருக்கிறான்.

"ஆத்தா, பசிக்குது."

"தங்கச்சி, நீ உன் வேலையைப் பாரு. இவனை நான் பாத்துக்கறேன்" என்றது நண்டு.

பூவாயி கையில் தொடை ஓடு இருந்தது. கனமான, வெள்ளை வெளேரென்ற ஓடு. அதைப் பார்த்தாள், பிள்ளையின் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, இதை அவனுக்குக் கொடுத்தா என்ன?"

நண்டு பதறிப்போயிற்று. "அடி பாவி, அந்தப் பேச்சை எடுக்காதே! பாதி ஓட்டைத் தின்னுட்டு நிறுத்தினா அது உள்ளேயே தங்கிடும், உனக்கு வெளியில முளைக்காது. இந்த உடம்போட அப்படியே தேஞ்சு தேஞ்சு போயிடுவ."

"போறேன். அதுக்கென்ன?"

"உன்னோட போச்சுன்னா நான் ஏன் பேசறேன்? அவன் உடம்பு சின்னது, உன் ஓடு பெரிசு. வெளியில ஒட்ட இடம் இருக்காது. உள்ளே போயிடும். உள்ளே போன ஓடு திரும்பி வராது தங்கச்சி. அவனுக்கும் இனி உரியாது. அவன் பெத்ததுக்கும் உரியாது. எல்லாரும் உன்னை மாதிரியே தேயணும்."

பூவாயி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள். "நடப்பானா?"

நண்டு கொடுக்கால் சேற்றைக் கிளறிற்று.

"கேக்கறேன்ல? நடப்பானா?"

"நடப்பான். ஓடக்கூடச் செய்வான்."

"அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்க அண்ணே."

காவலுக்கு வந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? கொடுக்கை நீட்டி அவள் கையைக் கவ்வியிருக்க வேண்டும். ஒரு கவ்வுக் கவ்வியிருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இப்படித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் நண்டும் அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டது. அது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

பூவாயி தொடையோட்டைக் கல்லில் வைத்துத் தட்டிப் பொடித்தாள். எச்சில் கூட்டிக் குழைத்து மகன் வாயில் ஊட்டினாள். தொடை ஓடு, முதுகு ஓடு, கை ஓடு எல்லாவற்றையும் நாலு நாளில் ஊட்டி முடித்தாள். கல்லில் ஒட்டிக் கிடந்த தூளை மட்டும் தான் நக்கிக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலையில் மேலே இருந்த மெல்லிய ஓடு உதிர்ந்து சடையன் எழுந்து நின்றான். விழுந்தான். மறுபடி எழுந்தான். அப்புறம் கரையோரமாக ஓடினான் பாருங்கள், அப்படி ஓடினான்! பூவாயி வளையிலிருந்து வெளியே வந்து அவனைப் பிடித்து அணைத்தாள். டக்கென்ற சத்தம் வரவில்லை. அவன் கன்னம் சூடாக இருந்தது. பிள்ளையின் உடம்பு இவ்வளவு சூடாக இருக்கும் என்று அந்தக் கரையில் அதுவரை ஒரு தாய்க்கும் தெரியாது. அவள் அவனைக் கீழே விடவே இல்லை.

மூக்காயி ஓடிவந்தாள். "ஐயையோ, என்னடி இது, உரிச்ச இறாலாட்டம் நிக்கிற? உன் ஓடு எங்கடி?"

"அவனுக்குக் கொடுத்துட்டேன்."

"கொடுத்தா என்னாகும்?"

"எனக்கு இனி முளைக்காது. நான் இப்படியே தேஞ்சு போவேன். அவன் நடக்கறான்."

இவ்வளவையும் சொன்னாள். மறைக்கவில்லை. மீதியைச் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மூக்காயியின் மகள் அஞ்சலை அங்கே சேற்றில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தாள். பூவாயி வாயை மூடிக்கொண்டாள். நண்டு சொன்னது தப்பாகவும் இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து உரிந்தவள் மூக்காயி. அவளும் கொடுத்தாள். பின்னாலேயே மற்றவர்கள். ஆணும் கொடுத்தான், பெண்ணும் கொடுத்தாள். யார்தான் கொடுக்க மாட்டார்கள், சொல்லுங்கள்? பதினொன்றும் எழுந்து ஓடின. அடுத்த ஓதம் வந்தபோது பதினொன்றும் பெரியவர்களுக்கு முன்னால் மேட்டில் நின்றன.

நண்டு அன்றைக்குத் திரும்பிக்கொண்டதுதான், அப்புறம் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டிலேயே நடந்தது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பேச்சையும் விட்டுவிட்டது.

வருஷங்கள் போயின. கொடுத்தவர்கள் நரைத்தார்கள், வளைந்தார்கள். அது தெரிந்து கொடுத்ததுதான். வருஷத்துக்கு ஒரு தடவை உரியும் தொல்லை பிள்ளைகளுக்கு இல்லாமல் போனதும், ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். சடையனுக்கு இருபது வந்து ஒன்றும் உரியாதபோது, "உள்ளே கெட்டியா இருக்குல்ல, நாற்பதுக்குத்தான் வரும்" என்றாள் பூவாயி. ஊரும் அதையே சொல்லிற்று. சடையன் அஞ்சலையைக் கட்டிக்கொண்டான். உட்கார்ந்த இடத்தில் இருபது மீன் தின்பான், தோணியைத் தனியாளாகக் கரையேற்றுவான்.

முப்பத்தெட்டு தாண்டியதும் ஆறு மீனுக்கே வயிறு கனத்தது. முன்னைவிடக் குறைவாகத் தின்றான், முன்னைவிடத் தொந்தி போட்டது. வலைக் கண்ணில் நூல் கோக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆனாலும் அவனுக்கு ஒரே குஷி.

"ஆத்தா, மூட்டு பிடிக்குது. கண்ணு மங்குது. எல்லாம் நீ சொன்ன மாதிரியே வருது. நேரம் வந்துடுச்சு!"

பூவாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றாள்.

அவன் கரையில் வளை தோண்டிப் படுத்தான். பூவாயி வாசலில் உட்கார்ந்தாள். காவலுக்கு அந்த நண்டையும் கூப்பிட்டுப் பார்த்தான் சடையன். அது தள்ளியே பக்கவாட்டில் நின்றது. ஆறாம் நாள் அவன் புரண்டு எழுந்து உட்கார்ந்தபோது முழங்காலில் சடக்கென்று ஒரு சத்தம்.

"ஆத்தா! விடுது! ஓடு விடுது ஆத்தா!"

பூவாயி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாளும் போயிற்று. எட்டாம் நாள் விடிந்து வெயிலும் ஏறிற்று. சடையன் தன் காலைத் தடவித் தடவிப் பார்த்தான். அதே கால். வெளியே வந்து நண்டிடம் கேட்டான். "மாமா, எனக்கு ஏன் வரல?" நண்டு வாயை அசைத்தது. பேச்சு வரவில்லை, நுரைதான் வந்தது.

"அதைக் கேக்காதே. என்னைக் கேளு" என்றாள் பூவாயி. முப்பத்தாறு வருஷம் வைத்திருந்ததை அங்கேயே அவனிடம் சொன்னாள்.

சடையன் கேட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நாலு வயசுப் பிள்ளைடா நீ. உங்கிட்ட என்னன்னு கேக்கறது?"

"ஊருக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அஞ்சலை நடந்திருக்க மாட்டா."

"கொடுக்காம விட்டிருந்தா நான் இன்னிக்கும் இளசா இருந்திருப்பேன்."

"இருந்திருப்பே. ஓதம் தூக்காம விட்டிருந்தா, இன்னிக்கும் இளசா இருந்திருப்பே. இன்னிக்கும் தவழ்ந்திருப்பே."

கரையில் அவனுடைய மகள் ராக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஏறி வருகிற தண்ணீரைத் தொட்டுவிட்டு, அது துரத்தும் முன்னே மேட்டுக்கு ஓடிச் சிரித்தாள். சடையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தாயைக் கைகொடுத்து எழுப்பினான். அவள் முழங்காலும் சடக்கென்றது. தோளில் சாய்த்துக்கொண்டபோதுதான் அவள் எவ்வளவு லேசாகிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. காய்ந்த தென்னம்பாளை அளவுக்குத்தான் இருந்தாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அழுதான்.

அந்த மழைக்காலத்தில் பூவாயி செத்துப்போனாள். வயசாகிச் செத்தவள் அந்தக் கரையில் அவள்தான் முதல். சடையன் தோண்டிய அந்த வளையிலேயே அவளைப் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை நண்டு பக்கவாட்டில் நின்று நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் சடையன் குடிசை வாசலில் குந்தியிருந்தான். ராக்கு வந்து மடியில் ஏறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். முழங்கால் சடக்கென்றது. பிள்ளை இறங்கி, முழங்காலில் காதை வைத்துக் கேட்டாள்.

"அப்பா, உள்ள யாரு தட்டுறது?"

சடையன் அவள் தலையைத் தடவினான்.

"உங்க அப்பாயி, என் ஆத்தா" என்றான்.

அதனால்தான் நாற்பது தாண்டியவர்கள் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சடக்கென்கிறது. உள்ளே போன ஓடு உரியப் பார்க்கிறது, அதற்கு வெளியே வர வழியில்லை.