கரூருக்குப் போன தொட்டில்

சிறுமலை அடிவாரத்தில், வாழைத்தோப்புகளுக்கு நடுவே, ஏகாம்பரம் என்றொரு குரு தியானக் கூடம் நடத்திவந்தார். கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பதில் இல்லாமல்தான் திரும்புவார்கள். ஆனாலும் மறுபடி வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தியானம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. பிரதீபா. திண்டுக்கல்லில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே அவருடைய சிஷ்யை.

"ஐயா, காலேஜை விட்டுடலாமா?"

"காலேஜ் உன்னை என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. நல்லாத்தான் இருக்கு. ஆனா வியாபாரம் அதைவிட நல்லா இருக்கு."

அக்கா மகனின் நடைவண்டியில் ஆரம்பித்த வியாபாரம் அது. பிள்ளை வளர்ந்துவிட்டான், வண்டி பரண்மேல் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, படம் எடுத்து ஆன்லைனில் போட்டாள். அன்றைக்கே விற்றுப்போனது. அதன்பிறகு தெருத்தெருவாகப் போய்த் தொட்டில், நடைவண்டி, தள்ளுவண்டி என்று குழந்தைகள் வளர்ந்ததும் ஒதுங்கிக் கிடந்த சாமான்களை எல்லாம் வாங்கினாள். சுத்தம் செய்து, ஊர் ஊராக அனுப்பினாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

"முழுநேரமும் இதையே பார்த்தா பெரிசா வரும்னு தோணுது ஐயா. அப்பா ஒத்துக்க மாட்டார். எங்க வீட்ல காலேஜுக்குப் போன முதல் ஆளு நான்தான். நீங்க 'விடு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவேன்."

"'விடாதே'ன்னு சொன்னா?"

"விடமாட்டேன்."

குரு சிரித்தார்.

"உனக்கு ரெண்டும் பிடிச்சிருக்கு. ரெண்டுல எது உன்னைப் பிடிச்சிருக்குன்னு பாரு."

அவ்வளவுதான். கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவ ஆரம்பித்துவிட்டார். பிரதீபாவுக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தைக்காக பஸ் மாறி மாறி வந்திருந்தாள்.

செமஸ்டர் பரீட்சை வந்தது. முதல் நாள் காலை, அப்பா முத்துவேல் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். மின்வாரியத்தில் லைன்மேன். ஆள் நல்ல கனம். மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுவதற்காகவே வேலைக்குப் போகாமல் இருந்தார்.

பிரதீபா ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடையை மறித்துக்கொண்டு ஒரு இரும்புத் தொட்டில் நின்றது. ஓரமாக நகர்த்தலாம் என்று மேலே இருந்த கொக்கியைப் பிடித்து இழுத்தாள். கொக்கி கையோடு வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தாள். பளபளவென்ற பெயிண்டுக்கு உள்ளே எல்லாம் துரு.

அந்தத் தொட்டிலுக்கு ஒரு ஜோடி உண்டு. இரட்டைக் குழந்தைகள் வளர்ந்த வீட்டில் இரண்டையும் ஒன்றாக வாங்கியிருந்தாள். ஜோடியைப் போன வாரம்தான் கரூருக்கு விற்றிருந்தாள். பெயிண்டைப் பார்த்து ஏமாந்து, கொக்கியை இழுத்துப் பார்க்காமலே அனுப்பியிருந்தாள்.

வாங்கியவளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மெசேஜ் அனுப்பினாள். பார்த்ததாகத் தெரியவில்லை.

"பாப்பா, நேரமாச்சு!"

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "அப்பா, பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க."

"காலேஜ் இந்தப் பக்கம்ல இருக்கு?"

"கரூர் பஸ்ஸைப் பிடிக்கணும்பா. ஒரு குழந்தை அந்தத் தொட்டில்ல தூங்கிட்டிருக்கும்."

கொக்கியை நீட்டினாள். முத்துவேல் அதை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "பரீட்சைடி!" என்று கத்தினார். பிறகு வண்டியை பஸ் ஸ்டாண்டு பக்கம் திருப்பினார்.

கரூரில் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். ரஹ்மத் நிஷா என்ற இளம் தாய் உதட்டில் விரல் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"மெதுவாப் பேசும்மா. இப்பதான் தூங்குது."

"அக்கா, முதல்ல குழந்தையை வெளியே எடுங்க. அந்தத் தொட்டிலை வித்தவ நான்தான். அது உதவாது. எடுங்கக்கா."

சொன்ன வேகத்தில் ரஹ்மத் நிஷா பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். பிரதீபா தொட்டில் துணியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் கொக்கி முறிந்து, கம்பியும் துணியும் தரையில் விழுந்தன. சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டு அழுதது.

அந்த அழுகையைக் கேட்டதும் பிரதீபாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"தூங்குற பிள்ளை முழிச்சிடும்னு போனை சைலண்ட்ல போட்டிருந்தேனே," என்றாள் ரஹ்மத் நிஷா. "இதுக்காகவா திண்டுக்கல்லேர்ந்து வந்தே? வேற யாராவது வருவாங்களா?"

பிரியாணி சாப்பிடாமல் அவளை விடவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், காலையில் விட்ட அதே இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"குழந்தை?"

"நல்லா இருக்குப்பா."

முத்துவேல் பெருமூச்சு விட்டார். "ஹால் டிக்கெட் எங்கே?"

பையில் தேடினாள். இல்லை. போகிற பஸ்ஸிலோ வருகிற பஸ்ஸிலோ எங்கே விட்டாள் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

"அப்பா, நான் காலேஜை விடுறேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். வீடு வந்து இறங்கிய பிறகு, சாவியை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இனிமே கொக்கியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

ரஹ்மத் நிஷா தனக்குத் தெரிந்த தாய்மார்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். கரூரிலிருந்து ஆர்டர் வந்தது, நாமக்கல்லிலிருந்து வந்தது, பெயர் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. வீடு கொள்ளவில்லை. நத்தம் ரோட்டில் ஒரு பழைய நெல் கிடங்கைப் பிடித்தாள். கழுவித் துடைக்க, கட்டி அனுப்ப என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அவளோடு படித்த பெண்கள் பட்டம் வாங்கிய மாதம், அவள் கிடங்குக்கு வெளியே பெரிய போர்டு மாட்டினாள்.

அன்றைக்கு குரு வந்தார். யாருடைய வீட்டுக்கும் போகாதவர், பஸ் ஏறி வந்திருந்தார்.

உள்ளே ஒரு தொட்டிலின் கொக்கியில் மாட்டிய கம்பியில் முத்துவேல் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தார். மடக்கிய கால் தரையில் படவில்லை.

"என்ன செய்றார்?" என்றார் குரு.

"சோதனை ஐயா. அப்பா தொங்கிப் பாக்காம ஒரு தொட்டிலும் வெளியே போகாது. அவர் கனத்தைத் தாங்கினா எந்தப் பிள்ளையையும் தாங்கும்."

முத்துவேல் தொங்கியபடியே தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். குருவும் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே, போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு அவருக்கு மோர் கொடுத்தாள் பிரதீபா. நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"ஐயா, அன்னிக்கே நீங்க 'விடு'ன்னு சொல்லியிருந்தா, ஒரு பரீட்சைக்குப் படிச்ச படிப்பாவது மிச்சமாகியிருக்குமே. ஏன் சொல்லலை?"

குரு மோரைக் குடித்து முடித்தார். டம்ளரை அவள் கையில் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா, இன்னிக்கு நீ என் கடையை நடத்திக்கிட்டிருப்பே."