மறக்க வேண்டிய நூற்று நாற்பது

முள்ளிக்குறிச்சியில் மூன்று பேர் பிளஸ் டூ தேறினார்கள். எப்படி என்று அவர்களையே கேட்டால், "எங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு" என்பார்கள்.

லிங்கதுரை, குணபாலன், பேச்சிராஜன் மூவரும் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள். லிங்கதுரைக்குத்தான் கவலை அதிகம். தேர்வைச் சரியாக எழுதாவிட்டால் அன்றைக்கே செங்கல் சூளை வேலைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று மாமா சொல்லியிருந்தார்.

டியூஷன் டீச்சர் வளர்மதி அறுபது சூத்திரங்களை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துக் கேட்டார். ஒன்றுகூட வரவில்லை.

"தலை பூரா கண்டதையும் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க. முதல்ல அதையெல்லாம் மறங்க. அப்புறம் சூத்திரம் தானா ஏறும்" என்றார் டீச்சர்.

அன்றே மூவரும் பம்ப்செட்டருகே கூடினார்கள்.

"எதையெதை மறக்கணும்னு தெரிஞ்சாத்தானலே மறக்க முடியும்?" என்றான் குணபாலன்.

நியாயம்தான். பட்டியல் போட்டார்கள். சங்கரன்கோவில் பஸ் நேரம், பேச்சிராஜன் வீட்டு ஆடுகளின் பெயர்கள், தொலைந்துபோன சைக்கிள் பூட்டின் நம்பர் என்று மொத்தம் நூற்று நாற்பது.

மறந்துவிட்டோமா என்று தினமும் சோதித்துக்கொண்டார்கள்.

"பதினேழாவது?"

"மறந்துட்டேம்லே. காலைல ஏழு நாப்பது பஸ்."

"சபாஷ். முப்பத்திரண்டு?"

பேச்சிராஜன் விழித்தான். "தெரியலையே..."

குணபாலன் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தான். "எதை மறக்கணும்னே தெரியல. நீயெல்லாம் எப்படிலே இன்ஜினியர் ஆவே? பத்துத் தடவ எழுது!"

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தபோது நூற்று நாற்பதும் மூவருக்கும் தண்ணீர்பட்ட பாடு. சூத்திரம் மட்டும் ஏறவே இல்லை.

லிங்கதுரைக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசித்தான். "ஏலே, மறக்கிறதுலதான் நாம கெட்டிக்காரங்க. சூத்திரத்தையும் அந்தப் பட்டியல்லயே சேத்துட்டா என்ன?"

சேர்த்தார்கள். நூற்று நாற்பத்தொன்று முதல் இருநூறு வரை. மூன்றே நாளில் அறுபதும் கடகடவென்று வந்தன.

தேர்வு அறையில் முதல் கேள்வியைப் பார்த்ததும் லிங்கதுரையின் முகம் மலர்ந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டான்.

கண்காணிப்பாளர் வந்தார். "என்னப்பா, எழுதலையா?"

"மறந்துட்டேன் சார்."

"எதை?"

"மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏ சி, பை ரெண்டு ஏ."

"அதைத்தானேப்பா கேட்டிருக்கு! எழுது!"

"மறந்ததை எப்படி சார் எழுதுறது? பொய்யாயிடும்லா?"

பின்வரிசையில் மற்ற இருவரும் கைகட்டி உட்கார்ந்தபடி தலையாட்டினார்கள்.

ஊர் பஸ் ஸ்டாப்பில் மாமா காத்திருந்தார். மூன்று வெள்ளைத்தாள்களின் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "சரி மாப்ள. நட சூளைக்கு."

"அது முடியாது மாமா" என்றான் லிங்கதுரை. "சூளைக்குப் போற வழி எழுபத்தொன்பதாவது. சுத்தமா மறந்துட்டேன். பாலம் தாண்டி இடது கை, ரேஷன் கடைச் சந்து, அப்புறம் வாய்க்கா ஓரமா நேரா போயி..."

மறந்த வழியை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். மாமாவும் மற்ற இருவரும் பின்னால் போனார்கள். பதினைந்து வருஷமாகச் சூளை நடத்தும் மாமாவுக்கு அப்படியொரு குறுக்குவழி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.