ஒரு கவிதையில் இரண்டு மரங்கள்

டெங் குவாங் மரவியாபாரி. தெப்பம் தள்ளும் கூலியாளாகத் தொடங்கி, வெய் ஆற்றங்கரையில் சொந்தமாக மரக்கிடங்கு போட்டவர். ஐம்பத்தைந்து வயதில் கிடங்கை மருமகன் கையில் விட்டுவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான பெண் துறவி ஜிங்யுன்னின் ஆசிரமத்துக்குக் கவிதை படிக்க வந்து சேர்ந்தார். மூக்கின் மேல் கோபம் உள்ள மனிதர். மூன்று வருடப் படிப்பில் கோபம் மூக்கிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

வசந்தம் பிறந்த ஒரு காலையில் ஒரு தாளையும், முழ நீளத்தில் பாப்லர் மரக்குச்சி ஒன்றையும் ஜிங்யுன் முன்னால் வைத்தார்.

“தம்பிக்குக் கல்லறை எழுப்புகிறோம் அம்மா. கல்லில் வெட்ட நாலு வரி எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.”

“இறந்துவிட்டார் என்று செய்தி வந்ததா?”

“எல்லைப் படைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். செத்தான் என்றும் சேதி இல்லை, இருக்கிறான் என்றும் சேதி இல்லை. இன்னும் என்ன பார்க்கிறது என்கிறார்கள் பங்காளிகள். முன்னோர் கல்லறைக்குப் போகும் நாளுக்கு இன்னும் ஐந்து நாள். அன்றைக்கு அவன் பழைய சட்டையைப் புதைத்து, பக்கத்தில் இந்தப் பாப்லரை நட வேண்டியதுதான்.”

ஜிங்யுன் தாளைப் படித்தார். முதல் இரண்டு வரிகளில் ஆற்றுத்துறை வில்லோ மரம் அசைந்தது. அடுத்த இரண்டு வரிகளில் கல்லறைப் பாப்லர் சலசலத்தது.

“வியாபாரியாரே, இதில் பாதி உங்கள் தம்பிக்காகக் காத்திருக்கிறது. பாதி அவரைப் புதைக்கிறது. எந்தப் பாதியைத் திருத்த?”

டெங்குக்குச் சுருக்கென்றது.

“பழைய கவிகள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள்? பிரிவு என்றால் வில்லோ, சாவு என்றால் பாப்லர். புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று. போனவனா, செத்தவனா என்று தெரியாதவனுக்கு மூன்றாவதாக ஒரு மரத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. நாற்பது வருஷம் மரம் பார்த்தவன் நான். இரண்டும் ஒரே இனம். ஒடித்துக் குத்தினால் இரண்டும் வேர் பிடிக்கும், இரண்டும் பஞ்சைப் பறக்கவிடும், இரண்டும் உத்திரத்துக்கு உதவாது. இதில் ஒன்றைத் துறையிலும் ஒன்றை இடுகாட்டோரத்திலும் நிறுத்தி வைத்தது யார்?”

“துறை வில்லோவில் ஒரு கிளை ஒடித்து, பிரிந்து போகிறவர் கையில் கொடுப்பது வழக்கம். நீங்கள் கொடுத்தீர்களா?”

டெங் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தை நீவினார்.

“ஒடித்தேன். முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.”

“ஏன்?”

“அதற்கு முந்தின வாரம் எங்களுக்குள் வாய்ச்சண்டை. சின்னவன் அவன். அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். பேரத்தில் முதலில் வாய் திறந்தவன் தோற்றான் அம்மா. எனக்குச் சோறு போட்ட பாடம் அது. அவனுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

“அவர் பேசினாரா?”

“பாடத்தை நன்றாகப் படித்திருந்தான். படகு போய்விட்டது.”

“அந்தக் கிளை?”

“வீட்டுக்கு வந்த ஆத்திரத்தில் முற்றத்துச் சேற்றில் குத்தினேன். சனியன், பிழைத்துக்கொண்டது. இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது. எத்தனை தடவை வெட்டினாலும், ஒன்று வெட்டிய இடத்தில் பத்தாகத் துளிர்க்கிறது. கல்லறை வேலை முடியட்டும், வேரோடு தோண்டி எறிகிறேன்.”

ஜிங்யுன் எழுந்து, பாப்லர் குச்சியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினார்.

“இது இங்கே இருக்கட்டும். காயாது. நாளைக் காலை உங்கள் முற்றத்து மரத்தில் ஒரு கட்டுக் கிளை வெட்டிக்கொண்டு துறைக்கு வாருங்கள்.”

“எதற்கு?”

“கவிதையைத் திருத்த.”

மறுநாள் துறையில் ஒரே கூட்டம். எல்லைக்குப் புதுப் படையாட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துறை வில்லோக்கள் மொட்டையாக நின்றன. கைக்கெட்டும் உயரத்தில் ஓர் இலைகூட மிச்சமில்லை. வேறு பச்சை கிடைக்காத ஒரு தாய், கூடையிலிருந்த வெங்காயத்தாளை மகன் கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“கொடுங்கள்,” என்றார் ஜிங்யுன்.

“யாருக்கு? எனக்கு இங்கே யாரையும் தெரியாதே.”

“வழியனுப்ப ஆள் வராதவர்களுக்கு.”

படகுத் துறையின் ஓரத்தில் தாடி நரைத்த ஒருவன் தன் மூட்டைமேல் தனியே உட்கார்ந்திருந்தான். டெங் சரக்கு இறக்குவதுபோல ஒரு கிளையை அவன் மடியில் போட்டார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பெரியவரே, நீங்கள் எனக்கு என்ன உறவு?”

“ஒன்றுமில்லை.”

“சரி, கொடுத்ததுதான் கொடுத்தீர்கள், ஏதாவது சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம் இல்லையா? எங்கள் ஊரில் மாடு விற்கிறவன்கூட மாட்டிடம் இரண்டு வார்த்தை பேசித்தான் கயிற்றை விடுவான்.”

டெங்குக்குக் கோபம் வந்தது. திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார்.

“போய் வா,” என்றார்.

அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று தலையைத் தாழ்த்தினான். கிளையை மூட்டைக் கயிற்றில் செருகிக்கொண்டு படகேறினான்.

டெங் கிளைக்கட்டிலிருந்து இன்னொன்றை உருவினார். பிறகு அடுத்தவனிடம் போனார். அவன் என்ன ஏது என்று கேட்கும் முன்பே, “போய் வா,” என்றார். அதற்கடுத்தவனிடமும் அவரே முந்திக்கொண்டார். பத்தாவது ஆளின் மூட்டைக் கயிற்றில் கிளையை அவரே செருகிவிட்டார். வெங்காயத்தாள் வாங்கிய பையனுக்கும் ஒன்று கொடுத்தார். கடைசிப் படகு நகர்ந்தபோது கிளைகளைக் கட்டிய கயிறு மட்டும் அவர் கையில் இருந்தது.

ஆசிரமத்துக்குத் திரும்பி வந்தார்கள். தொட்டியில் பாப்லர் குச்சி அப்படியே நின்றது. டெங் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் கழுவினார். துடைக்காமலே கேட்டார்.

“என் கேள்வி அங்கேயே நிற்கிறது அம்மா. பங்காளிகளுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். இதை எப்போது நட?”

“உங்கள் முற்றத்து மரத்தில் வெட்டி வெட்டிக் கிளை தீர்ந்த மறுநாள்,” என்றார் ஜிங்யுன்.

நாற்பது வருஷம் மரம் பார்த்தவர், பேரம் பேசவில்லை.