அக்கரைக்குப் போகாத தண்டோரா

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை இளஞ்சிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் புது யானை வேண்டும் என்பார். சாயங்காலம் அதற்கு யார் தீனி போடுவது என்று சண்டைக்கு வருவார். போகட்டும், ஒரு நல்ல வழக்கமும் வைத்திருந்தார். வருஷா வருஷம் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு முதல் போட அரண்மனையிலிருந்து பணம் கொடுப்பார். அந்தப் பொறுப்பு பொக்கிஷ அதிகாரி பூவராகருடையது.

ஆற்றுக்கு அக்கரையில் நாற்பது வீடுகள் இருந்தன. கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். தொழுகை வேறு, வீட்டில் பேசும் பேச்சும் வேறு. ரோஜாவைக் காய்ச்சிப் பன்னீர் இறக்குவது அவர்கள் தொழில். அரண்மனை விசேஷங்களுக்கெல்லாம் அந்தப் பன்னீர்தான்.

ஒரு நாள் அரண்மனையில் பன்னீர் தீர்ந்துபோய், மந்திரி செங்கோடரே ஓடம் ஏறிப் போனார். அங்கே சுலைகா என்ற பெண் விரிசல் விட்ட செப்பு அண்டாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூடை கூடையாக ரோஜா வாடிக்கொண்டிருந்தது.

“அண்டா போச்சு ஐயா. பூ வரத்து இன்னும் பத்து நாள்தான். அதுக்குள்ள புதுசு வாங்கலேன்னா, என்னை நம்பி இருக்கிற எட்டுப் பொம்பளைங்க வீட்டிலயும் அடுப்பெரியாது.”

“அரண்மனையில் முதல் கேட்கலாமே அம்மா? போன வாரம்தானே கொடுத்தார்கள்?”

சுலைகா நிமிர்ந்து பார்த்தாள். “அங்கே கொடுக்கிறாங்களா?”

மந்திரி நேரே சபைக்கு வந்து, அக்கரைக்காரர்களுக்கு ஏன் கொடுப்பதில்லை என்று பூவராகரைக் கேட்டார்.

“கொடுக்க மாட்டேன் என்றா சொன்னேன்? பன்னிரண்டு வருஷமாகத் தண்டோரா போடுகிறேன். ஒருத்தராவது வந்ததுண்டா? வரவில்லை என்றால் தேவையில்லை என்று அர்த்தம்!”

“தண்டோரா எங்கே போட்டீர்கள்?”

“கோட்டையைச் சுற்றி நாலு வீதியிலும்தான். ஓடக்கூலி கொடுத்து அந்தப் பக்கம் வேறு போக வேண்டுமா?”

ராஜா கொட்டாவி விட்டார். “வரவில்லை என்றால் தேவையில்லை. சரியாகத்தானே இருக்கிறது?”

மந்திரி அன்று சாயங்காலம் நந்தவனத்தில் ராஜாவைத் தனியே பிடித்தார்.

“மகாராஜா, ஒரு வேடிக்கை. நாளைக் காலை சபைக்கு வருகிறவர்கள் கேட்டதைக் கொடுங்கள். தண்டோரா என் பொறுப்பு.”

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். “அப்படியே ஆகட்டும்!”

மறுநாள் சபை நிறைய அக்கரை ஜனங்கள். ராஜா ஆசை தீர அள்ளிக் கொடுத்தார். வெயில் ஏறிய பிறகு வயிறார உண்டுவிட்டு ஆடி அசைந்து வந்தார் பூவராகர். வாசலில் சுலைகா அண்டாவுக்கான பணத்தை மடியில் முடிந்துகொண்டிருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கேட்டது கிடைத்தது என்று தெரிந்ததும் மனுஷர் குதித்தாரே ஒரு குதி!

“அநியாயம்! எனக்கு யாருமே சொல்லவில்லையே!”

“தண்டோரா போட்டோமே,” என்றார் மந்திரி.

“எங்கே?”

“அக்கரையில்.”

“என் வீடு இக்கரையில் அல்லவா இருக்கிறது!”

“நீங்கள் வரவில்லை. சரி, தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.”

சபையே சிரித்தது. ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

“நானும்தானே சரி என்றேன்,” என்றார் மெதுவாக. “பன்னிரண்டு வருஷமாக அவர்கள் பன்னீர் ஆற்றைத் தாண்டி என் மேல் வந்து விழுகிறது. என் குரல் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லையே, செங்கோடரே.”

மந்திரிக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. பூவராகருக்குப் பறை கிடைத்தது. இனி அவரேதான் அக்கரை போய்க் கொட்ட வேண்டும், அதுவும் முதல் தண்டோரா அங்கேதான்.

அடுத்த வருஷம் பூவராகர் பறையும் கையுமாக ஓடத்திலிருந்து இறங்கினார். கேலி செய்வார்கள் என்று தலை குனிந்தே நடந்தார். யாரும் கேலி செய்யவில்லை. புது அண்டாவில் இறக்கிய பன்னீரை அவர்மேல் தெளித்தாள் சுலைகா.

“பன்னிரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தோம் ஐயா. இப்பவாச்சும் வந்தீங்களே, உள்ளே வாங்க.”

உள்ளே போகும் முன் பூவராகர் அவள் வாசலிலேயே நின்று அந்த வருஷத்தின் முதல் தண்டோராவைப் போட்டார்.