பாவாத்தாள் பின்னிய ஸ்வெட்டர்

நீலகிரியில், உறைபனி விழுகிற ஒரு சரிவில் உமையாள் அம்மையின் மடம் இருந்தது. அம்மைக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாச்சிமுத்துவுக்கோ அறுபது முடிந்துவிட்டது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மனைவி பாவாத்தாள் இறந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மலையேறி வந்தவர்.

மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை ஒன்றுதான். விடிந்ததும் சைக்கிளில் ஒரு மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பெள்ளிராஜ் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். பெள்ளிராஜ் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். அவர் மனைவி கருக்கலிலேயே தேயிலை பறிக்கப் போய்விடுவார். நாச்சிமுத்து போனால்தான் பெள்ளிராஜ் வயிற்றுக்கு ஏதாவது. தன்னை எதிர்பார்த்து உலகத்தில் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பதில் நாச்சிமுத்துவுக்குச் சொல்லி மாளாத சந்தோஷம்.

மார்கழி வந்தது. சமவெளிக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்தார். இருப்பதையெல்லாம் எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு பனியன், சட்டை, அதன் மேல் பாவாத்தாள் பின்னிய ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய். பார்ப்பதற்கு ஒரு வெங்காயம் சைக்கிள் ஓட்டிப் போவதுபோல் இருந்தது.

மேடு ஏறி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. இறக்கத்தில் எதிர்க்காற்று அந்த ஈரத்தில் புகுந்துகொண்டது. உடம்பு வெடவெடவென்று ஆடியது. விரல்கள் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க மறுத்தன. சைக்கிள் நேராகப் போய்த் தேயிலைப் புதருக்குள் படுத்தது. தூக்குப்போசி உருண்டு, கஞ்சி முழுவதும் மண்ணுக்குப் போயிற்று.

அன்று பெள்ளிராஜ் மத்தியானம் வரை பட்டினி.

நாச்சிமுத்து திரும்பி வந்து அம்மையின் முன் தலைகுனிந்து நின்றார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளத்தான் அனுப்பணும், ஐயா," என்றார் அம்மை. "படுக்கையில கிடக்கறவரு பட்டினி கிடக்கக் கூடாது."

"வேண்டாமுங்கம்மா. இந்த வேலைய மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துப்போடாதீங்க. நாளைக்கு இன்னொரு சட்டையும் சேர்த்துப் போட்டுக்கறனுங்க."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அந்த ஸ்வெட்டர் யாரு பின்னினது?"

"எங்க வீட்டுக்காரிங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பின்னினா. குளிர்ல இதக் கழட்டாதீங்கன்னு சொன்னா. அவ கையப் புடிச்சு, சரின்னு வாக்குக் குடுத்தனுங்க."

ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"அவ இருக்கறப்ப ஒரு நாள்கூட அவளுக்கு நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்லீங்கம்மா. போனவங்களுக்கு நன்றி எப்படிங்க சொல்றது?"

"விடியட்டும்," என்றார் அம்மை.

மறுநாள் காலை புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது. கஞ்சிப் போசியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நாச்சிமுத்துவை அம்மை வாசலில் மறித்தார்.

"ஸ்வெட்டரக் கழட்டுங்க."

"வாக்குக் குடுத்திருக்கனுங்கம்மா."

"குளிர்ல கழட்டக் கூடாதுன்னுதானே? மேடு ஏறறப்ப உங்களுக்கு எங்க குளிருது? வேர்க்குதுல்ல."

நாச்சிமுத்து கழற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது. அம்மை அந்த ஸ்வெட்டரைக் கஞ்சிப் போசிக்குச் சுற்றி, கைகள் இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டார். மஃப்ளரையும் வாங்கி அதற்கு மேல் சுற்றினார். ஒரு பனியனைக் குறைக்கச் சொன்னார். பிறகு, பழைய காலுறை இரண்டை அவர் கைகளில் மாட்டிவிட்டார்.

"மேட்டு மேல போனதும் வேர்வையத் தொடச்சுட்டு ஸ்வெட்டரப் போட்டுக்குங்க. போசிக்கு மஃப்ளர் போதும்."

மடத்து வேலியைத் தாண்டியதுமே குளிர் பிடுங்கித் தின்றது. பல் கிட்டியது. தண்டனைதான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் நாச்சிமுத்து. மனசுக்குள் அம்மையை ஒரு வார்த்தை திட்டவும் செய்தார். பாதி மேடு ஏறுவதற்குள் உடம்பு தானாகவே சூடு கண்டுவிட்டது. திட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

உச்சியில் சைக்கிளை நிறுத்தி, வேர்வையைத் துடைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். ஸ்வெட்டரில் ஈரம் இல்லை. கஞ்சியின் சூடு கம்பளி முழுவதும் ஏறியிருந்தது. தலைவழியே இழுத்துவிட்டபோது அந்தச் சூடு நெஞ்சோடு வந்து ஒட்டியது. நாச்சிமுத்து அந்த மேட்டில் நின்றபடி வாய்விட்டு அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெல்ல இறங்கினார்.

திரும்பி வந்தபோது அம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி சூடா இருந்துச்சா?"

"நாக்கு வெந்துபோச்சுன்னு பெள்ளிராஜ் ஏசினாருங்க. ஏசிக்கிட்டே ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு."

"நல்லது. நாளைக்கும் நீங்களே போங்க."

நாச்சிமுத்து கும்பிட்டார். ஆனால் போகவில்லை.

"எத்தன நாளா இதப் போட்டுக்கிட்டுத் திரியறனுங்க. இன்னைக்குத்தான் அவளே வந்து கையில குடுத்த மாதிரி இருந்துச்சு. 'ரொம்ப நல்லா இருக்குது பாவாத்தா'ன்னு சத்தமாவே சொல்லிட்டனுங்க. இத்தன நாளும் ஏனுங்கம்மா அந்த வார்த்த வாயில வரல?"

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க கொஞ்சம் குளிர்ல நின்னாத்தானே, ஐயா, அவங்க கொண்டுவந்து குடுப்பாங்க."