கரண்டியில் சுற்றிய துணி

கேளுங்கள், பெரியவர்களும் பிள்ளைகளும். ஊர்கள் சிறியவையாகவும் காடு பெரியதாகவும் இருந்த காலத்தில் நடந்தது இது. அப்போது நாட்டை ஆண்ட ராஜா யார் என்று கதை சொல்லவில்லை. ஊரின் பெயரை மட்டும் சொல்கிறது: தறிப்பட்டி.

தறிப்பட்டிக்காரர்கள் நெசவாளர்கள். ஊருக்கு மேற்கே கருமுடி மலை. மலை உச்சியில் ஒரு கல்விளக்கு. பங்குனிப் பௌர்ணமி அன்று வாய் திறக்காமல் மலையேறி, சூரியன் மறைவதற்குள் அந்த விளக்கில் நெய் ஊற்றினால் வேண்டியது நடக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. வழியில் ஒரு சொல் பேசிவிட்டாலும் அடிவாரத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து ஏற வேண்டும்.

முதன்முதலில் வேண்டிக்கொண்டவர் வாயை மட்டும்தான் மூடினார். அவர் மகன் காலத்தில் பெண்கள் கொலுசைக் கழற்றினார்கள். பேரன் காலத்தில் வளையல்களை நூலால் கட்டினார்கள். செங்கோடன் என்பவர் ஊர்த் தலைமையான பட்டக்காரர் பொறுப்புக்கு வந்த பிறகு, நெய்ச்செம்பும் கரண்டியும் உரசி ஒலிக்கக் கூடாது என்று அவற்றுக்கும் துணி சுற்ற வைத்தார். நெசவாளர்கள் அல்லவா? எதையும் இன்னும் கொஞ்சம் மெல்லியதாக்காமல் அவர்களுக்குக் கை நிற்காது. சேலையை மெல்லியதாக்கியதுபோல மௌனத்தையும் மெல்லியதாக்கிக்கொண்டே வந்தார்கள்.

அந்த ஊரில் சிவந்தாயி என்றொருத்தி இருந்தாள். இருப்புக் கொள்ளாதவள். கதவைத் தாழிட்ட பிறகு மூன்று முறை தொட்டுப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகு மூன்று முறை குனிந்து பார்ப்பாள். அவளுடைய ஆறு வயது மகள் மயிலாளுக்குப் பதினெட்டு நாளாகக் காய்ச்சல். அந்தப் பதினெட்டு நாளும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தே சிவந்தாயி தூங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் பங்குனிப் பௌர்ணமி. குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, நெய்ச்செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏழு பேர் புறப்பட்டார்கள். முன்னால் பட்டக்காரர் செங்கோடன். அடிவாரத்தில் நின்று எல்லோரும் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே தேன் விற்றுக்கொண்டிருந்த நஞ்சி என்ற மலைக்காரி எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, கரண்டிக்கு எதுக்குங்க கோவணம் கட்டறீங்க?"

"சாமி காரியம். சத்தம் ஆகாது" என்றார் பட்டக்காரர்.

"சாமிக்கு ஆகாதோ என்னமோ, கரடிக்கு ஆகுமுங்க. குட்டியை முதுகுல போட்டுக்கிட்டுத் திரியிற காலம் இது. கரையான் புத்துல மூக்கை வுட்டு உறிஞ்சறப்போ, பக்கத்துல ஆள் வர்றது அதுக்குக் கேக்காது. பூனை மாதிரி போய் அதும் முன்னால நின்னீங்கன்னா அது பயந்துக்கும். பயந்தா உங்க மூஞ்சியத்தான் பிறாண்டும். தூரத்துலயே பலமாத் தட்டிட்டு, கொஞ்சம் நின்னுட்டு, அப்புறம் போங்க. அதுவே ஒதுங்கிக்கும்."

வரிசையில் பழனாத்தாள் என்றொருத்தி இருந்தாள். மௌனம் தொடங்குவதற்குள் பேச வேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். "கரடிகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் எங்க சாமியப் பாக்கணுமா? நல்லாருக்குது போ!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிவந்தாயி சிரிக்கவில்லை. "எதிர்ல வந்துட்டா என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள்.

"ஓடாதீங்க. மரமேறாதீங்க, அது நம்மளவிட நல்லா ஏறும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல போயிராதீங்க. மேல வுழுந்துட்டா, குப்புறப் படுத்துப் பிடரியைக் கையால மூடிக்கங்க."

"ஓடவே கூடாதா?"

"ஓடவே கூடாது."

"கொஞ்ச தூரம்கூட?"

"அட அம்மிணி, கரடியே வந்து சொன்னாத்தான் நீ நம்புவ போல!" என்றாள் பழனாத்தாள்.

பட்டக்காரர் கையை உயர்த்தினார். பேச்சு நின்றது. ஏழு பேரும் ஏறினார்கள்.

எத்தனை அமைதி! காலுக்கடியில் சருகு நொறுங்காமலிருக்க, அதை விலக்கி விலக்கி அடி வைத்தார்கள். சிவந்தாயிக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஓணான் ஓடினால் அவள் திரும்பினாள். இலை விழுந்தால் திரும்பினாள். எதுவும் அசையாதபோதும் திரும்பினாள். மூங்கில் பள்ளம் கடந்தது. ஒன்றும் இல்லை. வழி வலப்பக்கம் வளைந்தது. அங்கே பாதையோரம் ஆளுயரத்துக்கு ஒரு கரையான் புற்று.

புற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்புப் புற்று. அது 'உர்ர், புஸ்' என்று உறிஞ்சியது. அதன் முதுகில் இரண்டு சின்னத் தலைகள்.

பட்டக்காரர் தரையைப் பார்த்துச் சருகை விலக்கியபடி நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இன்னும் முப்பது அடி. இன்னும் இருபது அடி.

சிவந்தாயி மகளை நினைத்தாள். வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். பிறகு கைகளை எடுத்தாள்.

"கரடி!"

காடு முழுக்க அது எதிரொலித்தது. கரடி மண் ஒட்டிய மூக்கைத் தூக்கியது. ஒரு கணம் நின்றது. மறு கணம் புதருக்குள் போய்விட்டது. பட்டக்காரரும் மற்றவர்களும் தரையிலிருந்து நிமிர்ந்தபோது பாதையோரம் புற்று மட்டும்தான் இருந்தது.

பேசக் கூடாது என்பதால் ஆறு பேரும் கையால் திட்டினார்கள். ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பழனாத்தாள் புற்றைக் காட்டி, சிவந்தாயியின் கண்களைக் காட்டி, கையை விரித்தாள். சிவந்தாயி கிண்டிய மண்ணையும் ஈரமான நகத்தடத்தையும் காட்டினாள். பட்டக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய விரல் கீழே அடிவாரத்தைக் காட்டியது.

சிவந்தாயி தனியாக இறங்கினாள். விரதம்தான் உடைந்துவிட்டதே என்று வழியெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள். மயிலாளுக்கு எத்தனை நாள் காய்ச்சல், என்ன கசாயம் கொடுத்தாள், நேற்று எத்தனை வாய் கஞ்சி குடித்தாள் என்று மூங்கிலுக்கும் பாறைக்கும் சொன்னாள். எந்தக் கரடியும் அவள் வழியில் வரவில்லை.

அடிவாரத்தில் நஞ்சி அவளைப் பார்த்ததும், "பாத்துட்டீங்களா?" என்றாள்.

"பாத்தேன். கத்திட்டேன். எம் புள்ளைக்கு இனி யாருங்க இருக்கா?" சிவந்தாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது. உச்சி வெயில்.

"பொழுது இருக்குதுங்களே. மறுபடியும் ஏறுங்க."

"தனியாவா? பேசாமலா? அந்த வழியிலயா?"

"பேசாமத்தான். நான் உங்களைப் பேசச் சொன்னனா? தட்டத்தான சொன்னேன்!"

சிவந்தாயி தன் மடியிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். வேண்டுதலின் சொற்களை மனதில் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். வாய் திறக்காமல் ஏற வேண்டும். அவ்வளவுதான் இருந்தது. கொலுசைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வளையலைப் பற்றி ஒன்றும் இல்லை. கரண்டியைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதெல்லாம் ஊர் சேர்த்தது.

துணியை அவிழ்த்து இடுப்பில் செருகினாள். வாயை மூடினாள். செம்பில் கரண்டியால் அடித்தாள்.

டங். டங். டங்.

நிற்பாள். காதைத் தீட்டிக் கேட்பாள். பத்தடி நடப்பாள். மறுபடி மூன்று முறை தட்டுவாள். பயம் போய்விடவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. சில சமயம் மூன்றுக்குப் பதில் நான்கு அடித்துவிட்டாள். மூங்கில் பள்ளத்தில் ஏதோ ஒன்று சரசரவென்று விலகிப் போயிற்று; அது என்னவென்று அவள் பார்க்கவில்லை. புற்றருகே யாரும் இல்லை. சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டே வந்தது.

மற்ற ஆறு பேரும் எங்கே? உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓர் இலுப்பைத் தோப்பு உண்டு. கட்டுச்சோற்றைத் தின்று, வெயில் தாழும்வரை அங்கே படுத்திருப்பது வழக்கம். பங்குனியில் இலுப்பைப் பூ உதிரும். மனிதருக்கு அது மெத்தை. கரடிக்கு அது விருந்து. வெயில் தாழ்ந்ததும் விருந்துண்ண அது குட்டிகளோடு வந்தது. ஆறு பேர் படுத்திருப்பது அதற்குத் தெரியாது. ஏனென்றால் ஒருவரும் ஒரு சத்தமும் போடவில்லை. அதன் மூக்கு பட்டக்காரரின் காலில் இடித்தபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

சிவந்தாயி தோப்பை நெருங்கியபோது முதலில் ஒரு தலைப்பாகை பாதையில் கிடந்தது. அடுத்து ஒரு செம்பு. நெய் மண்ணில் வழிந்திருந்தது. மூன்றாவதாக ஓர் இலுப்பை மரம். அதன் முதல் கிளையில் பட்டக்காரர் தொங்கினார். ஓடியிருக்கிறார். ஏறியிருக்கிறார். கெண்டைக்காலில் சதை கிழிந்து ரத்தம் சொட்டியது. கீழே கரடி முன்னங்கால்களைத் தண்டில் ஊன்றி ஏறத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள்.

அவள் கால் மரத்தை நோக்கித்தான் முதலில் போனது. இரண்டடி வைத்த பிறகு, இடப்பக்கம் புல்லில் இரண்டு குட்டிகள் பூப் பொறுக்கித் தின்பதைப் பார்த்தாள். இன்னும் இரண்டடி வைத்தால் குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்பாள்.

நின்றாள். பின்னுக்கு நகர்ந்தாள். தோப்பைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். குட்டிகளிடம் போகும் வழி தாய்க்குத் திறந்திருக்கும்படி தள்ளி நின்றாள்.

டங். டங். டங்.

கரடி திரும்பியது. மரத்தை விட்டு இறங்கியது. பின்னங்காலில் எழுந்து நின்று அவளைப் பார்த்தது. நெஞ்சில் பிறை போன்ற வெள்ளைக் கோடு.

ஓடு ஓடு என்றது கால். கத்து கத்து என்றது தொண்டை. அவள் ஓடவில்லை. கத்தவில்லை. இன்னும் மூன்று அடித்தாள். இன்னும் மூன்று. குட்டிகள் பயந்து கத்தின. தாய் முன்கால்களை ஊன்றி, குட்டிகளிடம் ஓடி, முதுகைத் தாழ்த்தியது. இரண்டும் மயிரைப் பற்றிக்கொண்டு ஏறின. மூன்றும் பள்ளத்தில் இறங்கிப் போயின.

பட்டக்காரர் கிளையிலிருந்து சரிந்து விழுந்தார். அவர் கண் முதலில் சூரியனைத்தான் பார்த்தது. மேற்கே தொலைவில் தெரிந்த மலைகளுக்கு மேல் ஒரு முழம் இருந்தது. நாற்பது வருடமாக அந்த மலையில் ஒரு சொல் பேசாதவர் வாய் திறந்தார்.

"போயிரு அம்மிணி. பொழுது இருக்குது. எனக்காக நிக்காத. உம் புள்ளைக்கு ஊத்து."

சிவந்தாயி இடுப்பிலிருந்த துணியை எடுத்தாள். அவர் சுற்ற வைத்த அதே துணி. அவர் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தாள். பிறகு செம்பை அடித்து அடித்து மற்ற ஐந்து பேரையும் வரவழைத்தாள். முதலில் வந்த பழனாத்தாள் அவளைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், தன் கரண்டியின் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அதன் பிறகுதான் சிவந்தாயி மேலே போனாள். போகப் போக மூன்று முறை சூரியனைப் பார்த்தாள். ஒரு முறை முக்கால். ஒரு முறை பாதி. மூன்றாம் முறை நகக்கண் அளவு. அந்த நகக்கண் மறையும்போது அவள் செம்பிலிருந்த நெய் கல்விளக்கில் விழுந்துகொண்டிருந்தது. மறைவதற்கு முன் விழுந்ததா, மறைந்த பின் விழுந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே வந்ததும் அதை அப்படியே ஊரிடம் சொன்னாள். "எனக்குத் தெரியலீங்க. பாதி முன்னால வுழுந்திருக்கும்" என்றாள்.

ஊர் பட்டக்காரரைப் பார்த்தது. மரக்கிளைகளைக் கட்டி அதில் தூக்கி வரப்பட்டவர் படுத்தபடியே சொன்னார்: "வேண்டுதலை முறையா முடிச்சது அவ ஒருத்திதான். வாயை மட்டும் மூடுனா. நாம காட்டோட காதையும் சேத்து மூடப் பாத்தோம்."

மயிலாளின் காய்ச்சல் மறுநாள் காலை இறங்கியது. நெய்யாலா, கசாயத்தாலா, பத்தொன்பது நாள் ஆனதாலா என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல மாட்டேன். குழந்தை கஞ்சி கேட்டது. சிவந்தாயி அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று முறை பார்த்தாள்.

அடுத்த பங்குனியில் செங்கோடன் ஒரு காலை இழுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் கரண்டியையும் வாங்கி, துணி இருந்தால் அவிழ்த்து, செம்பில் ஒரு முறை தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நஞ்சி தேன் கூடையை மூடி வைத்துவிட்டு அவர்களுக்கு முன்னால் வழி காட்டி நடந்தாள். பேச்சில்லாமல், ஆனால் டங்டங்கென்று, அவர்கள் ஏறினார்கள். மேலே புற்றுகளில் மூக்கு நுழைத்திருந்தவை தலையைத் தூக்கி, குட்டிகளை ஏற்றிக்கொண்டு, தம் வழியே போயின.

ஆகவே கேட்டவர்களே, காட்டில் நடப்பவர் தம் வரவைத் தூரத்திலேயே தெரிவித்து, அங்கே வாழும் உயிர் விலகிப் போக வழியும் விட வேண்டும்.